மீகாமனின் கண்: நார்பர்ட் வீனர்



கடலில் செல்லும் ஒரு கப்பலைச் சற்றே மனக்கண்முன் கொண்டு வாருங்கள். காற்று ஒருபுறம் தள்ளுகிறது. நீரோட்டம் மறுபுறம் இழுக்கிறது. சுக்கானைப் பிடித்து நிற்பவனை நம் முன்னோர் மீகாமன் என்று அழைத்தனர். அவன் ஒருமுறை திசையைக் குறித்துவிட்டு உறங்கப் போவதில்லை. கப்பல் சிறிது விலகினாலும் கண்டுகொள்கிறான். உடனே சுக்கானைத் திருப்பிச் சரி செய்கிறான். மீண்டும் பார்க்கிறான், மீண்டும் திருத்துகிறான். இவ்வாறு பார்த்துப் பார்த்துத் திருத்துவதால்தான் கப்பல் கரை சேர்கிறது.

இந்த மீகாமனுக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரெடுத்து ஒரு புதிய விஞ்ஞானத்துக்குச் சூட்டினார் ஓர் அமெரிக்கக் கணித மேதை. அந்த விஞ்ஞானமே சைபர்நெடிக்ஸ். அம்மேதையே நார்பர்ட் வீனர். மனிதன் கூடவே இராமல் தானே பார்த்து, தானே முடிவு செய்து இயங்கும் ரோபோக்களைப் பற்றி இன்று நாளிதழ்களில் படிக்கிறோம். அவற்றின் அடிப்படைக் கருத்துகள் பலவற்றை வகுத்துத் தந்தவர்களில் இவர் முதன்மையானவர். அந்த இயந்திரங்களைக் குறித்து உலகை எச்சரித்தவர்களிலும் இவரே முன்னின்றவர். அவருடைய வாழ்க்கையைச் சிறிது அறிந்துகொள்வோமா?

இளமைப் பருவம்

நார்பர்ட் வீனர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லியோ வீனர் யூத குலத்தவர், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர், பல மொழிகள் கற்றவர். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியராக விளங்கினார். புலால் உண்ணாத கொள்கையுடையவர். மகனும் அவ்வழியே வாழ்நாள் முழுவதும் சைவ உணவையே கொண்டார்.

மகனுக்கு ஆசானும் தந்தையே. சிறுவன் கணக்கில் ஒரு பிழை செய்துவிட்டால் போதும், அதுவரை அன்பாகப் பேசிய தந்தை இடியென முழங்குவார். பாடம் பல நாட்களில் கண்ணீரில் முடியும். எட்டு வயதில் நார்பர்ட்டின் கண்பார்வை மிகவும் மங்கியது. ஆறு மாதம் புத்தகத்தையே தொடக் கூடாதென்று மருத்துவர் கட்டளையிட்டார். படிப்பு நிற்கவில்லை. தந்தை வாயால் சொல்ல, மகன் காதால் கேட்டு, மனத்திலேயே கணக்குகளைப் போட்டான். ஏடும் எழுதுகோலும் இன்றிச் சிந்திக்கும் ஆற்றல் அப்போதுதான் அவனிடம் வேரூன்றியது.

1906ஆம் ஆண்டு, பதினொரு வயதில் உயர்நிலைப் பள்ளியை முடித்து டஃப்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தான். பதினான்கு வயதில் பட்டதாரி! 1913ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம்! பின்னர் இங்கிலாந்தில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடமும் ஜெர்மனியில் ஹில்பர்ட்டிடமும் பயின்றார்.

கேட்கும்போது வியப்பாக இருக்கிறதன்றோ? ஆனால் அந்தச் சிறுவன் மகிழ்ச்சியாக இருந்தானா என்பது வேறு கேள்வி. தம் மகனின் வெற்றிக்குக் காரணம் பிறவி அறிவு அன்று, தாம் அளித்த பயிற்சியே என்று தந்தை ஒரு சஞ்சிகையின் வழியாக ஊரறியச் சொன்னார். அதைப் படித்த மகனின் நெஞ்சில் முள் தைத்தது. வெற்றியெல்லாம் தந்தைக்கு, தோல்வி மட்டுமே தனக்கு என்றல்லவா ஆகிறது! இந்த வேதனையைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் மனந்திறந்து எழுதினார் வீனர். வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வு அவரை அவ்வப்போது வாட்டி வந்தது.

மறதிப் பேராசிரியர்

1919ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணித ஆசிரியராகச் சேர்ந்த வீனர், பல ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். 1926ஆம் ஆண்டு மார்கரெட் எங்கெமன் என்ற மங்கையை மணந்தார். இரு பெண் குழந்தைகள் பிறந்தனர்.

பருத்த உடல், தடித்த மூக்குக் கண்ணாடி, குறுந்தாடி, வாயில் சுருட்டு - இதுவே அவர் தோற்றம். அவருடைய மறதியைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உலவுகிறது. வீடு மாறிய நாளன்று பழைய வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாராம். வாசலில் நின்ற ஒரு சிறுமியிடம், வீனர் குடும்பம் எங்கே குடிபோயிற்று என்று விசாரித்தாராம். நீங்கள் இப்படி வருவீர்கள் என்றுதான் அம்மா என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார், அப்பா என்றாளாம் அச்சிறுமி! தந்தை தம் பிள்ளைகளை ஒருநாளும் மறந்ததில்லை, மற்றபடி கதை உண்மைக்கு அருகில்தான் என்று அவர் மகள் பின்னாளில் கூறியதாகச் சொல்வர்.

விமானமும் பீரங்கியும்

1940ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. இங்கிலாந்தின் நகரங்கள் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. அவற்றைச் சுட்டு வீழ்த்துவது எளிதாக இல்லை. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் 20 விநாடிகளில் ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோமீட்டர் கடந்துவிடும். எனவே விமானம் இப்போது இருக்கும் இடத்தைக் குறி வைத்துப் பயனில்லை. குண்டு மேலே சென்று சேரும் நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்தல் வேண்டும். மனித மூளை அவ்வளவு விரைவாகக் கணக்கிட முடியுமா?

இந்தப் புதிரை வீனரும் ஜூலியன் பிகலோ என்ற இளம் பொறியாளரும் ஆராய்ந்தனர். விமானம் சற்றுமுன் சென்ற பாதையைக் கொண்டு இனிச் செல்லக்கூடிய பாதையைக் கணிக்கும் வழியை வீனர் கண்டார். பொய்த் தகவல்களிடையே மெய்த் தகவலைப் பிரித்தெடுக்கும் கணிதம் அது. 1942ஆம் ஆண்டு அவர் எழுதிய அறிக்கைக்கு மஞ்சள் அட்டை போடப்பட்டிருந்தது. கணக்குகளின் கடுமை கண்டு மிரண்ட பொறியாளர்கள் அதனை மஞ்சள் அபாயம் என்று கேலியாக அழைத்தனர்! அவர் வகுத்த கருவி போர்க்களத்துக்குப் போகவில்லை. ஆனால் அக்கணிதம் அழியவில்லை. வீனர் வடிகட்டி என்ற பெயரில், இரைச்சல் கலந்த ஒலியையும் மங்கலான படத்தையும் தெளிவாக்க இன்றும் அது உதவுகிறது.

நடுங்கும் கை

இந்த ஆராய்ச்சியின்போது வீனரின் மனத்தில் ஓர் எண்ணம் மின்னியது. குறி தவறியதைக் கண்டு தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பீரங்கிக்கும், தண்ணீர்க் குவளையை எடுக்க நீளும் மனிதக் கைக்கும் ஏதேனும் வேறுபாடு உண்டா? கை நீளும்போது கண் பார்க்கிறது. இன்னும் எவ்வளவு தூரம் என்று மூளைக்குச் செய்தி போகிறது. மூளை கையைத் திருத்துகிறது. செயலின் விளைவே செய்தியாகத் திரும்பி வந்து அடுத்த செயலைத் திருத்துவதால் இதனைப் பின்னூட்டம் என்பர். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அளவு மீறிச் சூடானதும் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்வதும், ஆறியதும் மீண்டும் பெற்றுக்கொள்வதும் பின்னூட்டமே.

திருத்தம் அளவு மீறினால் என்னவாகும்? இயந்திரம் இங்கும் அங்குமாக ஊசலாடும் என்று கணிதம் சொல்லிற்று. மனிதருக்கும் அப்படி ஒரு நோய் உண்டா என்று தம் நண்பரும் மெக்சிகோ நாட்டு உடலியல் அறிஞருமான ரோசன்புளூத்திடம் கேட்டனர் வீனரும் பிகலோவும். உண்டு என்றார் அவர். சிறுமூளை பழுதுபட்ட நோயாளி குவளையை எடுக்கக் கை நீட்டினால், கை குறியைத் தாண்டிப் போகும். பிறகு பின்னுக்கு வரும். வரவர நடுக்கம் மிகுந்து குவளையைப் பற்றவே இயலாமற் போகும்.

இயந்திரத்துக்கும் உயிருக்கும் ஒரே விதி! இதைக் குறித்து மூவரும் 1943ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1948ஆம் ஆண்டு வீனரின் சைபர்நெடிக்ஸ் என்னும் நூல் வெளிவந்தது. பக்கத்துக்குப் பக்கம் கணிதச் சூத்திரங்கள் நிறைந்த அந்நூல் எவரும் எதிர்பாராத வகையில் விற்றுத் தீர்ந்தது.

இக்கருத்தைக் கண்ணால் காணும்படி ஒரு சிறு வண்டியும் அமைக்கப்பட்டது. அதற்கு இரு ஒளிக் கண்கள் உண்டு. ஒருவகையில் இணைத்தால் விட்டில் பூச்சிபோல் வெளிச்சத்தை நாடி ஓடும்; மாற்றி இணைத்தால் மூட்டைப் பூச்சிபோல் இருளை நாடும். பின்னூட்டத்தைக் கூட்டிவிட்டால் நோயாளியின் கைபோல் நடுங்கும்! இன்றைய ரோபோக்களின் முன்னோடிகளுள் ஒன்று அந்தச் சிறு வண்டி.

தந்தையின் இடிமுழக்கத்துக்கு அஞ்சி நடுங்கிய சிறுவனே, அளவு மீறிய திருத்தம் நடுக்கத்தைத் தரும் என்ற விதியைக் கணிதத்தில் கண்டான். பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது.

மறுத்த கரம்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் மீது அணுகுண்டுகள் வீசப்பட்டன. அந்தச் செய்தி வீனரின் உள்ளத்தை உலுக்கியது. தாமும் போருக்காகக் கணிதம் செய்தவர்தாமே! அடுத்த ஆண்டின் இறுதியில், ஏவுகணைகள் செய்யும் பணியில் இருந்த ஒருவர் அவருடைய போர்க்கால அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டார். வீனர் மறுத்தார். பொறுப்பற்ற கைகளில் சேர்ந்து தற்காப்பற்ற மக்களை அழிக்கக்கூடிய எதையும் இனி வெளியிடுவதில்லை என்று தெரிவித்துவிட்டார். அம்மறுப்புக் கடிதம் 1947ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு புகழ்பெற்ற மாத இதழில் அச்சாகி நாடெங்கும் பேசப்பட்டது. அதே மாதம் ஹார்வர்டில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் ஆற்றவிருந்த சொற்பொழிவையும் அவர் கைவிட்டார்.

இதனால் பணமும் ஆராய்ச்சி வாய்ப்புகளும் பல கைநழுவின. அவர் கலங்கவில்லை. தானியங்கி இயந்திரங்கள் தொழிலாளரின் வேலையைப் பறித்துவிடுமே என்றும் அஞ்சினார். 1949ஆம் ஆண்டு மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தருக்குத் தாமாகவே கடிதம் எழுதி எச்சரித்தார்.

துறவியின் கேள்வி

சைபர்நெடிக்ஸ் நூலைப் படித்தவர்களுள் துபார்ல் என்னும் தொமினிக்கன் சபைத் துறவியும் ஒருவர். 1948ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் அதற்கு மதிப்புரை எழுதினார். செய்திகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டு, இன்னது செய்க என்று நாட்டுக்கே முடிவு சொல்லும் ஆட்சி இயந்திரம் ஒன்று தோன்றினால் மனிதரின் நிலை என்னவாகும் என்பது அவருடைய கேள்வி.

வீனர் இதனை மிக மதித்தார். 1950ஆம் ஆண்டு வெளிவந்த தம் அடுத்த நூலில் விரிவாக விடையளித்தார். இயந்திரம் தானாக நம்மை அடிமை கொள்ளும் என்று அவர் அஞ்சவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிலர் பலரை ஆட்டிவைப்பார்களே என்றுதான் அஞ்சினார். முடிவெடுக்கும் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது. காற்றில் விட்ட பொறுப்பு சூறாவளியாக நம்மிடமே திரும்பும் என்பதே அவர் விடை.

குரங்கின் கை

இயந்திரங்கள் கற்றுக்கொள்ளவும் தொடங்கின. ஆர்தர் சாமுவேல் என்பவர் செக்கர்ஸ் என்னும் கட்ட விளையாட்டை ஆடக் கணிப்பொறிக்குக் கற்பித்தார். சில மணி நேரப் பயிற்சியில் அது தன்னை அமைத்தவரைவிடத் திறமையாக ஆடியது! நாம் கொடுத்ததைத் தவிர வேறெதையும் இயந்திரம் செய்யாது என்ற பழைய ஆறுதல் போயிற்று.

1960ஆம் ஆண்டு ஓர் அறிவியல் இதழில் வீனர் இதைப்பற்றி எழுதினார். அங்கு அவர் நினைவூட்டிய கதைகளுள் ஒன்று ஆங்கில எழுத்தாளர் ஜேக்கப்ஸ் புனைந்தது. வேண்டியதைத் தரும் மந்திரக் குரங்குக் கை ஒன்று ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கிறது. இருநூறு பவுன் வேண்டும் என்று கேட்கிறார் தந்தை. மறுநாள் தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். இழப்பீடாக இருநூறு பவுன்! கேட்டது கிடைத்தது, விரும்பியது கிடைக்கவில்லை.

இயந்திரமும் இப்படித்தான் என்றார் வீனர். நாம் சொன்னதைச் செய்யும். சொல்லாமல் நெஞ்சில் வைத்ததை அறியாது. விரைவாகச் செல் என்று ஒரு ரோபோவுக்குக் கட்டளையிட்டு, குழந்தை குறுக்கே வந்தால் நில் என்று சொல்ல மறந்தால் குற்றம் யாருடையது? அதன் வேகம் நம் வேகத்தை மிஞ்சிவிட்டால், தவறைக் கண்டு தடுக்கவும் நேரம் இராது. ஆகையால் நாம் கொடுக்கும் குறிக்கோள் நாம் மெய்யாகவே விரும்புவதுதானா என்று முன்னமே ஆராய்ந்து தெளிய வேண்டும் என்று வலியுறுத்தினார்.

மனிதரின் குறை

வீனர் குறையற்றவர் அல்லர். மக்கல்லக், பிட்ஸ் ஆகிய அறிஞர்கள் அவருடைய நெருங்கிய நண்பர்கள். மூளையின் செயலை ஆராய்ந்தவர்கள். பிட்ஸ் அவரைத் தந்தைபோல் கருதிய இளைஞர். 1952ஆம் ஆண்டளவில் வீனர் திடீரென அவர்களுடன் உறவை முறித்துக்கொண்டார். காரணத்தை அவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தைக் கேட்கவும் இல்லை. பிட்ஸ் மனமுடைந்தார். அவருடைய அறிவு வாழ்வே தளர்ந்து போயிற்று. பின்னூட்டத்தின் பெருமையை உலகுக்கு உரைத்தவர், தம் கோபத்தில் எடுத்த முடிவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறிஞருக்கும் அடி சறுக்கும்!

இறுதி நாட்கள்

1955-56ஆம் ஆண்டுகளில் வீனர் நம் நாட்டுக்கு வந்து, மகாலனோபிஸ் நிறுவிய கல்கத்தா புள்ளியியல் கழகத்தில் தங்கிப் பாடம் நடத்தினார்.

1961ஆம் ஆண்டு கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அப்போதும் சும்மா இருக்கவில்லை. கை இழந்தவரின் எஞ்சிய தசையில் எழும் மின்குறிப்பைக் கொண்டே செயற்கைக் கையை இயக்கலாமே என்று மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். அதன் பயனாகப் பாஸ்டன் கை எனப்படும் செயற்கைக் கை அவர் மறைவுக்குப்பின் உருவாயிற்று. அழிக்கும் பீரங்கிக்காகப் பிறந்த கணிதம் ஊனமுற்றோரின் கரமாக மாறியது எத்துணைப் பேறு!

1964ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜான்சன் அவருக்குத் தேசிய அறிவியல் பதக்கம் அளித்தார். இரு மாதங்களில், மார்ச் 18ஆம் நாள், சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில் மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். வயது 69. கடவுளையும், களிமண்ணால் செய்து உயிரூட்டப்பட்டதாக யூதக் கதைகள் கூறும் கோலெம் என்ற பொம்மையையும் தலைப்பில் இணைத்த அவருடைய கடைசி நூல் அவ்வாண்டே வெளிவந்தது. பேராற்றலை இழிந்த நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, முற்காலத்தில் சூனியம் என்றும் புனிதப் பொருளை விற்கும் சீமோனி என்றும் கண்டிக்கப்பட்ட பாவங்களுக்கு நிகரானது என்று அவர் கருதினார்.

நமக்குரிய பாடம்

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் செவ்வாய்க் கோளில் பெர்சிவரன்ஸ் என்னும் ஊர்தி இறங்கியது. பூமியிலிருந்து அனுப்பும் செய்தி அங்கே சேரச் சில நிமிடங்கள் ஆகும். கோள்கள் விலகியுள்ள காலத்தில் இருபது நிமிடங்களுக்கு மேலும் ஆகும். பாறை எதிர்ப்பட்டால் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்க இயலுமா? எனவே அது தானே பார்த்து, தானே வழியைத் தேர்ந்து செல்கிறது. ஆனால் எங்கே போக வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் பூமியில் இருக்கும் ஆண்களும் பெண்களுமே. வழியை இயந்திரம் தேரலாம். சேர வேண்டிய துறைமுகத்தை மீகாமன்தான் அறிய வேண்டும்.

மாணவியரே! உங்களுள் பலர் நாளை மருத்துவராகவும் பொறியியலாராகவும் விளங்குவீர்கள். உங்கள் மேசைமீது ஓர் இயந்திரம் அமர்ந்து, இந்த நோயாளிக்கு இம்மருந்து, இந்த விண்ணப்பத்துக்கு இம்முடிவு என்று ஆலோசனை சொல்லும். அது விரைவாகச் சொல்லும்; பெரும்பாலும் சரியாகவும் சொல்லக்கூடும். கேட்டுக்கொள்ளுங்கள், நன்றி மறவாமல் பயன்படுத்துங்கள். ஆயினும் கையெழுத்து உங்களுடையது. அந்நோயாளியின் முகத்தைப் பார்க்கும் கண்ணும் உங்களுடையது. இயந்திரம் சொன்னது, நான் செய்தேன் என்று கைகழுவ நமக்கு உரிமை இல்லை. பிலாத்துவும் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கைகழுவியவன்தானே! பொறுப்பு கழுவப்படவில்லை.

சுக்கானை இயந்திரத்திடம் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். விலகியதைக் காணும் விழிப்பும், கண்டதைத் திருத்தும் பணிவும், சேர வேண்டிய கரையை மறவாத நெஞ்சும் உள்ளவரை, மனிதகுலம் என்னும் கப்பல் நலமே கரை சேரும்.